மேடையில் அமைச்சர் சொன்ன ஒரு வாக்கியமும் பெரியப்பாவின் பழுப்பு ஃபைலும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா பரணிலிருந்து ஒரு பழுப்பு ஃபைலை இறக்கித் தரச் சொன்னார். பென்ஷன் பேப்பர் ஏதோ தேடுகிறார் என்று நினைத்தேன். பிரித்தால் உள்ளே ஒரு நாளிதழ் துண்டு, மடிப்பில் கிழிந்ததை ஒட்டியிருந்த செல்லோடேப்பே மஞ்சளாகிப் போயிருந்தது. அதற்குக் கீழே டைப் அடித்த நாலு பக்கக் கடிதத்தின் நகல், ஓரமெல்லாம் பச்சை மையில் அவர் கைத்திருத்தங்கள்.

"நீதான் சட்டம் படிச்சவன், சொல்லு. அன்னிக்கு நான் கேஸ் போட்டிருக்க முடியுமா, முடியாதா?"

நான் சட்டம் படித்தேனே தவிர கோர்ட்டுக்குப் போகவில்லை, ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களைப் படித்துக் காலம் தள்ளுகிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு எழுந்துபோக முடியவில்லை. ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். பெரியப்பா அப்போது தாசில்தார், ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். வீட்டுமனைப் பட்டா வழங்கும் விழா. பயனாளிகள் பட்டியலில் இருந்த முப்பது சொச்சம் பேருக்குக் காட்டப்பட்டிருந்த இடம் குளத்துப் புறம்போக்கு. நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் அதன் அளவை வரைபடமான புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, நீர்நிலையில் பட்டா கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று குறிப்பு எழுதி அனுப்பிவிட்டார். விழா மேடையில் அமைச்சர் மைக்கைப் பிடித்து, "இந்த ஊர் தாசில்தார் இருக்காரே, அஞ்சாயிரம் வாங்காம பேனா மூடியைத் திறக்க மாட்டாரு" என்றார். கீழே கைதட்டல். அதே மேடையில் கடைசி நாற்காலியில் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு பெரியப்பா உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவும் முடியாது, நெறிமுறைப்படி அமைச்சர் கிளம்பும் வரைக்கும் இருக்க வேண்டும். மறுநாள் உள்ளூர்ப் பதிப்பில் அப்படியே வந்தது. பெரியம்மா ஆறு மாதம் ரேஷன் கடைக்குப் போகவில்லை.

அமைச்சர் எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. யார் ஆண்டிருந்தாலும் அன்றைக்கு இதேதான் நடந்திருக்கும் என்று பெரியப்பாவே சொல்கிறார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பதவியில் இருக்கும் ஒருவர் மேல் வழக்கே போட முடியாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு. அரசியல் சாசனத்தின் 361-வது பிரிவு அந்தக் காப்பைக் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும் மட்டும்தான் கொடுக்கிறது. அவர்கள் பதவியில் இருக்கும் வரை குற்ற வழக்கு கிடையாது, தனிப்பட்ட செயலுக்காக சிவில் வழக்கு போடுவதென்றால்கூட இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிரதமருக்கோ முதலமைச்சருக்கோ அமைச்சருக்கோ அப்படி எதுவும் இல்லை. சட்டமன்றத்துக்குள் பேசியிருந்தால் கதை வேறு. 194-வது பிரிவு அந்தப் பேச்சுக்கு முழுப் பாதுகாப்பு தருகிறது, எந்தக் கோர்ட்டும் தொட முடியாது. பட்டா விழா மேடை சட்டமன்றம் இல்லை.

அமைச்சர் அதன்பிறகு வேறு கதவுகளைத் தட்டலாம் என்பது உண்மை. முதலமைச்சரும் அமைச்சரும் சட்டப்படி 'பொது ஊழியர்'கள்தான் என்று 1979-ல் மு. கருணாநிதி வழக்கிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் "நான் பணியின் ஒரு பகுதியாகப் பேசினேன், என் மேல் குற்ற வழக்கு என்றால் அரசு அனுமதி வேண்டும்" என்று அவர்கள் வாதாடலாம். வாதாடலாம், அவ்வளவுதான். ஒருவரை லஞ்சம் வாங்குகிறவர் என்று மேடையில் சொல்வது அமைச்சர் வேலையா என்பதைக் கோர்ட் முடிவு செய்யும்.

முடியுமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2015 டிசம்பரில் டெல்லி தலைமைச் செயலகத்தில் முதலமைச்சரின் முதன்மைச் செயலர் அலுவலகத்தில் சிபிஐ சோதனை நடந்தது. அதைத் தொடர்ந்து அரவிந்த் கெஜ்ரிவாலும் அவர் கட்சிக்காரர்களும், டெல்லி கிரிக்கெட் சங்கத்துக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்த காலத்தில் அருண் ஜெட்லி முறைகேட்டுக்கு இடம் கொடுத்தார் என்று பேசினார்கள். ஜெட்லி அப்போது மத்திய நிதியமைச்சர், கெஜ்ரிவால் முதலமைச்சர். இருவருமே பதவியில் இருந்தார்கள். டிசம்பர் 21 அன்று ஜெட்லி டெல்லி உயர்நீதிமன்றத்தில் 10 கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்கும், பாட்டியாலா ஹவுஸ் கோர்ட்டில் தனியாகக் குற்ற வழக்கும் போட்டார். முதலமைச்சர் மேல் எப்படி என்று எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை. வழக்கு ஓடியது.

அந்த வழக்கில் எனக்கு மறக்க முடியாதது 2017 மே மாதத்துக் குறுக்கு விசாரணை. கெஜ்ரிவாலுக்காக வந்தவர் ராம் ஜெத்மலானி, தொண்ணூறு வயதைத் தாண்டியவர். கூண்டில் நின்றவர் நாட்டின் நிதியமைச்சர், அவரே பெரிய வழக்கறிஞர். கேள்வி கேட்கும்போது ஜெத்மலானி 'அயோக்கியன்' என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டார். ஜெட்லி உடனே கேட்டது, "இந்தச் சொல் உங்களுடையதா, உங்கள் கட்சிக்காரர் சொல்லச் சொன்னாரா?" என்றுதான். கட்சிக்காரரான கெஜ்ரிவால் சொன்னதுதான் என்றார் ஜெத்மலானி. அந்த ஒரு சொல்லுக்காக ஜெட்லி இன்னொரு 10 கோடி வழக்கு போட்டார். கெஜ்ரிவால் தான் அப்படிச் சொல்லவில்லை என்றார், ஜெத்மலானி வழக்கை விட்டு விலகினார். கடைசியில் 2018 ஏப்ரலில் கெஜ்ரிவால் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார், வழக்கு முடிந்தது. இரண்டேகால் வருஷம்.

இந்தக் கதையில் என் நெஞ்சில் தங்கிய இடம் வேறு. ஜெத்மலானியின் பில். வழக்கை எடுக்க 1 கோடி, ஒவ்வொரு முறை ஆஜராவதற்கும் 22 லட்சம், மொத்தம் 3 கோடியே 42 லட்சம் ரூபாய். அதை டெல்லி அரசு கஜானாவிலிருந்து கட்டலாமா என்று கோப்பு நகர்ந்தது, துணைநிலை ஆளுநர் சட்டக் கருத்து கேட்டார், அது பெரிய சர்ச்சையாகி, முடியாவிட்டால் இலவசமாகவே வாதாடுகிறேன் என்று ஜெத்மலானி சொல்லும் வரை போனது. பதவியில் இருப்பவர் மேடையில் ஒருவரைப் பற்றிப் பேசுவார், அந்தப் பேச்சுக்கு வக்கீல் செலவை மக்கள் பணத்தில் கட்டலாமா என்று ஒரு கோப்பு நகரும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. எதிரே நிற்பவர் ஜெட்லியாக இருந்ததால் சமாளித்தார். ஒரு தாசில்தார் நின்றிருந்தால்?

மேற்கு வங்கத்தில் 2024-ல் இன்னொன்று நடந்தது. ராஜ்பவனுக்குப் போகவே பயமாக இருக்கிறது என்று பெண்கள் தன்னிடம் சொல்வதாக முதலமைச்சர் மம்தா பானர்ஜி பேசினார். ராஜ்பவன் பெண் ஊழியர் ஒருவர் ஆளுநர் ஆனந்த போஸ் மீது புகார் கொடுத்திருந்த நேரம் அது, ஆளுநர் அந்தப் புகாரை மறுத்தார். பேச்சு வந்த மறுநாளே ஜூன் 28 அன்று முதலமைச்சர் மீது அவர் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் வழக்கு போட்டார். ஜூலை 16-ல் தனி நீதிபதி, ஆளுநரைப் பற்றி அவதூறாகப் பேசக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டார். பத்தே நாளில் மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அதைத் தளர்த்தினார்கள், அவதூறாக இல்லாதவரை பேசலாம், அவதூறு என்றால் அதன் விளைவையும் ஏற்க வேண்டும் என்று. தன் மேல் குற்ற வழக்கு வராமல் 361 காக்கிற ஒருவர், அடுத்தவர் மேல் வழக்கு போட மட்டும் தடையில்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

இந்த இரண்டு வழக்கிலும் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கு போட்டவர்கள் மத்திய அமைச்சர், ஆளுநர். அவர்கள் மேல் பேசியவர் அவர்களுக்கு இன்க்ரிமெண்ட் போடுகிறவர் இல்லை, டிரான்ஸ்ஃபர் போடுகிறவரும் இல்லை. தமிழ்நாட்டில் ஐபிஎஸ் அதிகாரி வருண்குமார் சீமான் மேல் திருச்சி கோர்ட்டுக்குப் போனார், அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் சீமான் ஆட்சியில் இருப்பவர் இல்லை. தன் சொந்த அரசின் அமைச்சர் மேல் வழக்கு போட்ட ஒரு தாசில்தாரை, ஒரு வட்டார வளர்ச்சி அலுவலரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஏன் என்று தேடும்போதுதான் பெரியப்பாவின் நாலு பக்கக் கடிதம் எனக்குப் புரிந்தது. அது அமைச்சருக்கு எழுதியது இல்லை. அரசுக்கு, உரிய வழியாக, கலெக்டர் மூலம் எழுதியது. பொருள்: நீதிமன்றத்தை அணுக அனுமதி கோருதல்.

அரசு ஊழியர் நடத்தை விதிகளில் இப்படி ஒன்று இருக்கிறது. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகளுக்கான 1968-ஆம் ஆண்டு விதிகளில் 17-வது விதி. உன் பணிசார்ந்த செயலை யாராவது அவதூறாகத் தாக்கினால், அதற்குப் பதில் சொல்ல அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட்டுக்கும் போகக் கூடாது, பத்திரிகைக்கும் போகக் கூடாது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான 1973 விதிகளிலும் இதே போக்குதான். தனிப்பட்ட குணநலனைக் காப்பாற்றிக்கொள்ள வழக்கு போடுவதை விதி தடுக்கவில்லை. சரி, 'அஞ்சாயிரம் வாங்காமல் பேனா திறக்க மாட்டார்' என்பது எதில் சேரும்? பட்டா கொடுப்பது பணி, லஞ்சம் வாங்கினான் என்பது குணம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் பின்னிக் கிடக்கிறது. ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கும் ஒரு மனிதன், அது குணம்தான் என்று தானே முடிவு செய்துகொண்டு கோர்ட் படி ஏறுவானா? அனுமதி கேட்டுத்தான் எழுதுவான். யாரிடம் கேட்பான்? அந்த அமைச்சர் அங்கம் வகிக்கும் அரசிடம்.

குற்றவியல் சட்டத்தின் இன்னொரு வழியும் இதே இடத்தில்தான் போய் முட்டுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 199, இப்போதைய சட்டத்தில் 222. அமைச்சரோ, வேறு எந்தப் பொது ஊழியரோ தன் பணி தொடர்பாக அவதூறுக்கு ஆளானால், அவருக்காக அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். சொந்தக் காசு செலவில்லை, அலைச்சல் இல்லை. படித்தால் சின்ன அதிகாரிக்காகவே எழுதியது மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு மாநில அரசு அனுமதி வேண்டும், ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இந்த வழி தமிழ்நாட்டில் யாருக்குத் திறந்தது என்று நமக்குத் தெரியும். ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது 2011-லிருந்து ஐந்து ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் எதிர்க்கட்சிக்காரர்கள் மேலும் பத்திரிகைகள் மேலும் இப்படிப் பாய்ந்தன, விஜயகாந்த் ஊர் ஊராகக் கோர்ட்டுக்கு அலைந்தார். உச்சநீதிமன்றமே 2016-ல், பொது வாழ்க்கையில் இருப்பவர்கள் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று கண்டித்தது. 2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி அப்துல் குத்தூஸ், பத்திரிகை ஆசிரியர்கள் மேல் போட்ட இந்த வகை வழக்குகளை ரத்து செய்தபோது, அரசு வழக்கறிஞர் வெறும் தபால் நிலையமாக இருக்கக் கூடாது, புகாரைப் படித்துப் பார்த்துத் தானாக யோசிக்க வேண்டும் என்றார். அதற்கு முன்பே 2018-ல் கே.கே. மிஸ்ரா வழக்கில் உச்சநீதிமன்றம், மத்தியப் பிரதேச முதல்வரின் உறவினர்கள் பற்றிய பேச்சுக்கெல்லாம் அரசு வழக்கறிஞரை அனுப்ப முடியாது, பணிக்கும் பேச்சுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

இந்த அனுபவத்தால்தான் அவதூறுச் சட்டம் என்றாலே எனக்கும் முன்பு ஒவ்வாமை. இப்போதும் ஒரு எல்லை வரைக்கும் அப்படித்தான். 1994-ல் நக்கீரன் ஆட்டோ சங்கர் தொடரை வெளியிட முயன்றபோது சிறைத்துறை அதிகாரி மிரட்டிக் கடிதம் எழுத, அது உச்சநீதிமன்றம் வரை போய், ராஜகோபால் வழக்கு என்று பெயர் பெற்றது. அதிகாரிகளின் பணி தொடர்பாக எழுதியது தப்பாகவே இருந்தாலும், உண்மையா பொய்யா என்ற அக்கறையே இல்லாமல் எழுதினால் ஒழிய, நஷ்டஈடு கேட்க முடியாது என்றது தீர்ப்பு. அது சரியான தீர்ப்பு. தாலுகா ஆபீசில் காசு கேட்டார்கள் என்று ஒரு விவசாயி வெளியே வந்து கத்தினால் அவன் மேல் தாசில்தார் வழக்கு போடக் கூடாது. பெரியப்பாவும் அதை ஒப்புக்கொள்கிறார். "அவன் கத்தலாம்பா. அவனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

ஆனால் அமைச்சருக்கு அது ஒன்றுதானா இருக்கிறது? அவருக்கு லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது, விசாரணைக்கு உத்தரவு போடலாம், மெமோ கொடுக்கலாம், சஸ்பெண்ட் செய்யலாம். இவ்வளவும் கையில் இருக்கும்போது எதையும் செய்யாமல் மைக்கைப் பிடிக்கிறார் என்றால், சொன்னது உண்மையா என்று அவருக்கு அக்கறை இல்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? ராஜகோபால் தீர்ப்பு விட்டுவைத்த அந்த ஒரே விதிவிலக்கு பெரியப்பா மாதிரி ஆளுக்குத்தான் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். மேலே இருப்பவர் கீழே இருப்பவர்மேல் போடும் அவதூறு வழக்கும், கீழே இருப்பவர் மேலே பார்த்துப் போடுவதும் ஒன்றில்லை. அனுமதி என்ற அந்த ஏற்பாடு முதலாவதை வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது, இரண்டாவதைக் கலெக்டர் ஆபீஸ் தபால் பிரிவிலேயே நிறுத்திவிடுகிறது. பேசியவர் அதே அரசின் அமைச்சர் என்றால் அந்த அனுமதியை அரசு முடிவு செய்யக் கூடாது. உயர்நீதிமன்றம் பார்க்கட்டும்.

கடிதம் கொடுத்த பிறகு என்ன ஆனது என்று கேட்டேன். பதிலே வரவில்லை. நேரில் போய்க் கேட்டபோது அங்கிருந்த பெரிய அதிகாரி ஒருவர் காபி வாங்கிக் கொடுத்து, "அண்ணே, இன்னும் கொஞ்ச மாசம்தான், நல்லபடியா வீட்டுக்குப் போங்க" என்றாராம். அரசு வேலையில் இருந்தவர்களுக்கு அந்த 'நல்லபடியா'வுக்கு அர்த்தம் தெரியும். ஓய்வு பெறும் அன்று சாயங்காலம் சஸ்பெண்ட் ஆர்டர் வந்த எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார். பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாம் வருஷக்கணக்கில் தொங்கும். அக்கா கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். வாயை மூடிக்கொண்டார். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஒரு வக்கீலைப் பார்த்தார். மானநஷ்ட வழக்குக்கு ஒரு வருஷம்தான் கெடு, இரண்டு மாதம் தாண்டிவிட்டது என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வக்கீல் இரண்டு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டார். அரசு வழக்கறிஞர் வழிக்குத்தான் ஆறு மாதம், பாதிக்கப்பட்டவர் தானே மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் தனிப் புகார் கொடுக்க மூன்று வருஷம் வரை நேரம் இருந்தது. 199-வது பிரிவின் கடைசி உட்பிரிவே அந்த உரிமையைத் தனியாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இன்னொன்று, சிவில் வழக்குக்கும் வழி முழுசாக அடைபடவில்லை. சட்டப்படி அரசின் முன் அனுமதி தேவைப்படும் வழக்கு என்றால், அனுமதி கேட்டு விண்ணப்பித்த நாளிலிருந்து பதில் வரும் வரையிலான காலத்தைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று காலவரையறைச் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. நடத்தை விதிக்கு அது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு சண்டை போட்டிருக்கும். ஆனால் வாதாடிப் பார்த்திருக்கலாம்.

இதை போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப லெட்டர் என்னிக்குக் கொடுத்தேன்னு காட்டணும் இல்ல?" என்றார். ஆமாம் பெரியப்பா, ஒப்புகை முத்திரை இருந்தால் போதும் என்றேன். ஐஏஎஸ் அதிகாரிகளின் 17-வது விதியில்கூட, விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 12 வாரம் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது, அங்கேயும் எல்லாம் அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது.

ஃபைலை எடுத்துவரச் சொல்லி நாலு பக்கத்தையும் முன்னும் பின்னும் பெரியம்மாவை விட்டுப் பார்க்கச் சொன்னார். முத்திரை இல்லை. முப்பத்து நாலு வருஷம் மற்றவர்கள் கொடுத்த மனுவுக்கெல்லாம் தேதி போட்டு முத்திரை குத்திக் கொடுத்தவர், தன் மனுவைத் தபால் பிரிவில் தெரிந்த பையனிடம் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.